கையெழுத்து உள்ள படம் வேறு, கையெழுத்துப் போட்ட படம் வேறு

நான் முடி வெட்டிக்கொள்ளும் கடை பட்டர்வொர்த்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு நடிகரின் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், வலது மூலையில் கையெழுத்து இருக்கும். எந்த நடிகர் என்று சொல்லமாட்டேன், அவருடைய ரசிகர்கள் இரண்டு பேர் எங்கள் புளோக்கிலேயே குடியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அதே வழக்குதான். காத்திருப்பவர்களில் ஒருவர் "ஒரிஜினல்ணே, பாத்தாலே தெரியுதே" என்பார், இன்னொருவர் "டூப்பு, அந்தக் காலத்துல ஆயிரக்கணக்குல அடிச்சு அனுப்புனாங்க" என்பார், கடைக்காரர் கத்தரியை நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே இருப்பார்.

ஒரிஜினல் இல்லையென்றால் டூப், டூப் இல்லையென்றால் ஒரிஜினல் என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. நிஜப் பேனாவால், நிஜ மையால் எழுதிய கையெழுத்தாக இருக்கும், யாரையும் ஏமாற்றும் எண்ணமும் இருந்திருக்காது, ஆனாலும் அந்த நடிகர் அந்தப் படத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார். இது சர்வசாதாரணமாக நடக்கிற விஷயம். அதனால் "ஒரிஜினலா?" என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்கவேண்டும்: அந்த நடிகரின் கை இந்தத் தாளின் மேல் ஓடியிருக்கிறதா? ஓடியிருந்தால் அது நேரடிக் கையெழுத்து. ஓடவில்லை என்றால் அது என்ன என்பதற்குப் பல விடைகள் உண்டு.

ஒட்டுக் கோலமும் மாக்கோலமும்

தீபாவளி நெருங்கினால் பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் ஒட்டுக் கோலம் தொங்க ஆரம்பித்துவிடும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மாக்கோலம் மாதிரியே இருக்கும். குனிந்து விரலால் தடவினால்தான் தெரியும், மாக்கோலத்தில் மாவு தரைக்கு மேலே ஒரு படிவாக உட்கார்ந்திருக்கும், ஒட்டுக் கோலத்தில் கோலமும் பின்னணியும் ஒரே வழவழப்பு.

அச்சுக் கையெழுத்து என்பது இந்த ஒட்டுக் கோலம்தான். நடிகர் ஒரே ஒரு படத்தில் கையெழுத்துப் போடுவார், அந்தப் படத்தையே மறுபடி படமெடுத்து வேண்டிய அளவுக்குப் பிரதி போடுவார்கள், கடிதம் எழுதிய ரசிகர்களுக்கெல்லாம் ஒன்று போகும். இதில் மோசடி எதுவும் இல்லை. மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் யாரால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க முடியும்?

என் பெரியப்பா நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவர். அறுபதுகளில் மெட்ராசுக்குக் கடிதம் எழுதி ஒரு நடிகரின் படத்தை வரவழைத்தார். அதைப் பிஸ்கட் டின்னில், ஐசி என்கிற அடையாள அட்டை, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தார் என்றால் எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்து கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் அதே படத்தைப் பார்த்தேன். கையெழுத்தின் கடைசி வளைவு சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டுக்கொண்டு நின்றது. பெரியப்பா படத்திலும் அதே பொத்தான், அதே இடம். இரண்டு படத்தில் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுகிற எவராலும் ஒரே பொத்தானை ஒரே இடத்தில் இரண்டு தடவை தொட முடியாது. பெரியப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

சரி, இரண்டாவது பிரதி கையில் இல்லையென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்பது, தாளின் மேல் ஜெலட்டின் என்கிற மெல்லிய பசைப் படலம், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள். துகள் அடர்ந்த இடம் கறுப்பு, இல்லாத இடம் வெள்ளை. அச்சுக் கையெழுத்தும் அதே துகள்களால் ஆனதுதான், தலைமுடியும் மீசையும் எதனால் ஆனதோ அதனால்தான் அதுவும் ஆகியிருக்கிறது. பேனாவால் எழுதினால் அப்படி இல்லை, படம் தயாரான பிறகு மை அந்தப் படலத்துக்கு மேலே போய் உட்காருகிறது.

அதனால் படத்தை நேராக வைத்துப் பார்க்காதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மேலே உட்கார்ந்த மை, படத்தின் பளபளப்பிலிருந்து விலகித் தெரியும், ஒன்று மங்கலாக, இல்லாவிட்டால் வேறு நிற மினுமினுப்போடு. பந்துமுனைப் பேனா என்றால் அழுத்திய தடம் மெல்லிய பள்ளமாக ஓடும். அப்புறம் நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கிற லென்ஸ் இருக்கிறதே, பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது, அது ஒன்று போதும். இரண்டு கோடுகள் குறுக்கே போகிற இடத்தைத் தேடுங்கள், நேரடிக் கையெழுத்தில் பெரும்பாலும் ஒரு கோடு இன்னொன்றின் மேல் ஏறிப்போவது தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் துளிகள் சிதறியிருந்தால் கணினிப் பிரிண்டர் வேலை.

ஒரு பொறி உண்டு. இருண்ட பின்னணியில் கையெழுத்து வெள்ளையாக இருந்தால் பலர் "வெள்ளை மை" என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளை மை உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நெகட்டிவின் மேலேயே கறுப்பு மையால் எழுதிவிட்டால், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பிரதியிலும் அந்த எழுத்து வெள்ளையாகத்தான் விழும், நெகட்டிவில் கறுப்பு என்றால் படத்தில் வெள்ளை இல்லையா. பழைய ஸ்டூடியோ படங்களில் இது அதிகம்.

இதுவரை பார்த்தது ஒரே ஒரு விஷயம். மை படத்துக்குள் இருக்கிறதா, படத்துக்கு மேல் இருக்கிறதா? உள்ளே இருந்தால் அச்சு. மேலே இருந்தால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

பேனாவும் மையும் நிஜம், கை மட்டும் வேறு

இந்த நாட்டில் சாப்பு குத்தாமல் ஒரு படிவம் நகராது என்பது நமக்குத் தெரியும். கையெழுத்தையே சாப்பாகச் செய்து குத்துவதும் உண்டு, அதுதான் ரப்பர் முத்திரை. மை மேலே இருக்கும், ஆனால் எழுத்தின் ஓரங்களில் மை ஒதுங்கி நடுவில் வெளுத்திருக்கும், பேனா அழுத்திய தடம் இருக்காது, கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்காது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம், மேலே போவோம்.

கஷ்டமானது ஆட்டோபென். கணினித் தையல் இயந்திரத்தில் சட்டைக்குப் பேர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், ஒருமுறை வடிவத்தைக் கொடுத்துவிட்டால் நிஜ நூல், நிஜ ஊசி, ஆயிரம் சட்டைக்கும் அதே பூ. ஆட்டோபென்னும் அதே கதைதான். ஒருவர் போட்ட கையெழுத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, இயந்திரக் கை ஒன்று நிஜப் பேனாவைப் பிடித்து அதே தடத்தில் ஓட்டும். மை மேலே இருக்கும், பள்ளம் இருக்கும், கோட்டின் மேல் கோடு ஏறியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் சுலபத்தில் பிடிபடாது. அமெரிக்க அதிபர்களின் அலுவலகமே பல காலமாக இதைப் பயன்படுத்திவருகிறது.

நடிகர் இல்லை, பாடகர், ஆனாலும் இந்தக் கதை இங்கே பொருந்தும். 2022 இல் பாப் டிலனின் புத்தகம் ஒன்றின் சிறப்புப் பிரதிகளை, அவரே கையால் கையெழுத்திட்டவை என்று சொல்லி 599 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் தங்கள் பிரதியைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, யாரோ ஒருவர் வீட்டுக் கையெழுத்தும் இன்னொருவர் வீட்டுக் கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைசுற்றல் நோயாலும் பெருந்தொற்றாலும் இயந்திரத்தைப் பயன்படுத்த நேர்ந்தது என்று டிலன் மன்னிப்புக் கேட்டார்.

இங்கேதான் நம் ஆட்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "இணையத்தில் இருக்கிற கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், கொஞ்சம்கூட மாறவில்லை, அதனால் ஒரிஜினல்" என்பார்கள். கொஞ்சம்கூட மாறவில்லை என்றால்தான் சந்தேகப்படவேண்டும். ஒரு தாளை எடுத்து உங்கள் கையெழுத்தைப் பத்து தடவை போட்டுப் பாருங்கள். சாயல் ஒன்றாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எதுவும் பொருந்தாது. அதே அம்மா அதே வாசலில் தினமும் போடுகிற கோலம்கூட நேற்றுப்போல் இன்றைக்கு இருக்காது, அதே கை என்பது மட்டும் தெரியும்.

அடுத்தது செயலாளர் கையெழுத்து. பள்ளிக்கு விடுப்புக் கடிதம் அப்பா பேரில் எழுதி, அப்பா வேலையில் இருப்பதால் அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பல வீடுகளில் நடந்திருக்கும். அதுதான் இது. நடிகரின் உதவியாளரோ வீட்டாரோ அவருக்குத் தெரிந்தே அவர் பேரில் போடுவது. ஹாலிவுட்டில் ஜீன் ஹார்லோ என்று ஒரு நடிகை, 1937 இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனவர். ரசிகர்களுக்குப் போன அவருடைய படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்துப் போட்டது அவருடைய அம்மா. அதனால் மகள் தானே போட்டது என்று உறுதியானால் விலை எங்கேயோ போய்விடும். வருடக்கணக்காகப் போட்டுப் பழகிய கை என்பதால் தயக்கமே இருக்காது, ஓட்டம் சரளமாக இருக்கும். இதைப் பிடிக்க ஒரே வழி, அந்த நடிகர் கட்டாயம் தானே போட்டிருக்கவேண்டிய கையெழுத்தோடு ஒப்பிடுவது, ஒப்பந்தப் பத்திரம் மாதிரி.

ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்து

கணக்கில் முப்பது மார்க் வாங்கிய கையோடு அப்பா கையெழுத்தை நாமே போட்டோமே, அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் பழைய கார்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேனாவை ஊர வைத்து, பாதியில் நிறுத்தி, மறுபடி அதைப் பார்த்து. அப்பா அரை நொடியில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு போட்டதை நாம் வரைந்தோம். போலிக் கையெழுத்தின் ரகசியம் முழுவதும் அந்த "வரைந்தோம்" என்பதில் இருக்கிறது.

வேகமாக ஓடும் பேனா தாளில் இறங்கும்போதும் ஏறும்போதும் கோடு கூர்மையாக மெலியும், விமானம் இறங்கி ஏறுவதுபோல. மெதுவாக வரைந்தால் தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருக்கும், வளைவில் சிறு நடுக்கம் இருக்கும், நிற்கவேண்டாத இடத்தில் பேனா நின்று மை ஊறியிருக்கும். வயதான நடிகர் என்றால் நடுக்கம் இயல்புதானே என்று கேட்பீர்கள், நியாயம்தான். அவர் கை நடுங்கினாலும் அடுத்து எங்கே போகவேண்டும் என்று அதற்குத் தெரியும், போலியின் கை அங்கே நின்று யோசிக்கும்.

ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். உருவம் ஒத்திருப்பது பெரிய விஷயமில்லை. மை மேலே இருக்கிறதா, கோடு ஓடியிருக்கிறதா, ஓடியது மனிதக் கையா, அது அவருடைய கையா? இந்த வரிசையில்தான் போகவேண்டும்.

காலம் காட்டிக்கொடுக்கும்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். லென்ஸே வேண்டாம், கொஞ்சம் வரலாறு தெரிந்தால் போதும்.

நாடக மேடையைக் கட்டி ஆண்ட எஸ்.ஜி.கிட்டப்பா 1933 இல், இருபத்தேழு வயதில் இறந்துவிட்டார். பந்துமுனைப் பேனா கடைக்கு வந்து பரவலானது 1945க்குப் பிறகு. கிட்டப்பா படத்தில் பந்துமுனைப் பேனாக் கையெழுத்து என்று யாராவது நீட்டினால் விலைகூடக் கேட்காமல் நகர்ந்துவிடலாம். மார்க்கர் பேனாக்கள் பரவியது 1960களில். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மறைந்தது 1957. அவர் படத்தில் தடித்த மார்க்கர் எழுத்து இருந்தால் அதை எழுதியது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், கலைவாணர் இல்லை.

தாளும் சாட்சி சொல்லும். படத் தாள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதற்காக ஒருவகை ஒளிரும் பொருளைச் சேர்ப்பது 1950களிலிருந்துதான் வழக்கத்துக்கு வந்தது. கள்ளநோட்டு பார்க்க மணி சேஞ்சர் கடைகளில் ஊதா விளக்கு வைத்திருப்பார்களே, அதன் கீழே இருட்டில் காட்டினால் அப்படிப்பட்ட தாள் நீலமும் வெள்ளையுமாகப் பளீரென்று ஒளிரும், பழைய தாள் பெரும்பாலும் மந்தமாகக் கிடக்கும். 1930களின் படம் என்று சொல்லப்பட்டது இப்படி ஒளிர்ந்தால், அந்தப் பிரதியைப் பிற்காலத்தில் போட்டிருக்கிறார்கள். தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் தாள்கள் இன்னும் பிந்தியவை, 1970 வாக்கில்தான் பரவலாயின. மலாய் நடிகர் பி. ரம்லி இதே பினாங்கில் 1929 இல் பிறந்து 1973 இல் கோலாலம்பூரில் மறைந்தவர். அவர் ஐம்பதுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகச் சொல்லும் படம் பிளாஸ்டிக் தாளில் இருந்தால் கதை உதைக்கிறது.

தமிழில் எழுதியிருந்தால் நமக்கு மட்டுமே தெரிந்த துப்பு ஒன்று உண்டு. லை, ளை, னை, ணை இவற்றையெல்லாம் முன்பு யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்துப் போடுவார்கள், றா, னா, ணா இவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. இன்றைய வடிவத்துக்கு மாற்றி அரசாணை போட்டது 1978 இல், தமிழ்நாட்டில். போட்டது எம்.ஜி.ஆர். அரசு, நடிகர் படத்தைப் பற்றிய கட்டுரையில் அவர் எப்படியோ வந்து நின்றுவிடுகிறார் பாருங்கள். ஆகவே ஐம்பதுகளில் எழுதியதாகச் சொல்லும் "கலை வாழ்க" என்ற வரியில் இன்றைய லை இருந்தால் புருவத்தை உயர்த்தலாம். உயர்த்தலாம், அவ்வளவுதான். ஏனென்றால் பெரியார் 1935 லேயே தம் 'குடி அரசு' இதழில் இந்த வடிவங்களைப் புழங்க ஆரம்பித்துவிட்டார், இயக்கத்தோடு ஒட்டியிருந்த ஒரு நடிகர் முன்பே அப்படி எழுதியிருக்கலாம்.

கவனிக்கவேண்டியது, காலத் துப்புகள் ஒரு பக்கம்தான் வெட்டும். காலத்துக்குப் பொருந்தாத பேனாவோ தாளோ கிடைத்தால் படம் தோற்றுவிடும். எல்லாம் பொருந்தியதால் மட்டும் ஜெயித்துவிடாது, பழைய வெற்றுப் படமும் பழைய மைப்புட்டியும் சந்தையில் கிடைக்கத்தான் செய்கின்றன.

படம் வந்த வழி

மாப்பிள்ளை பார்க்கும்போது முகத்தை மட்டுமா பார்க்கிறோம், எந்த ஊர், யார் பிள்ளை, யார் மூலமாக வந்த சம்பந்தம் என்று விசாரிக்கிறோம் அல்லவா? படத்துக்கும் அந்த விசாரணை உண்டு. நடிகர் கையிலிருந்து இன்று விற்பவர் கைவரை யார் யாரிடம் இருந்தது என்பதைத்தான் வந்த வழி என்கிறேன். "எங்க தாத்தா வாங்கினது" என்ற வாய்ச்சொல் பலவீனமானது. அஞ்சல் முத்திரையோடு உறை, தேதி போட்ட நுழைவுச் சீட்டு, நடிகர் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த படம், இவை பலமானவை. 2018 ஜனவரியில் தமிழ் நடிகர்கள் திரண்டு புக்கிட் ஜாலில் அரங்குக்கு வந்தபோது கையெழுத்து வாங்கிய யாராவது இருந்தால், டிக்கெட்டையும் படத்தையும் பிரிக்காமல் ஒரே உறையில் வையுங்கள், உங்கள் பேரன் பேத்தி கும்பிடுவார்கள்.

சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். தங்க எழுத்தும் ஹாலோகிராமும் வைத்து, "நூறு சதவீதம் அசல்" என்று போட்ட அட்டை. அதைக் கொடுத்தவர் யார், தப்பென்றால் பணம் திரும்புமா, இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அதுவும் ஒரு கையெழுத்துப் போட்ட தாள்தான், அதை யார் சரிபார்ப்பது? அமெரிக்காவில் 1990களின் கடைசியில் எஃப்.பி.ஐ. பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. சிக்கிய பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. கல்கத்தாவில் அந்த அம்மா எப்போது பந்து விளையாடினார் என்று யாரும் யோசிக்கவில்லை, சான்றிதழ் இருந்தது, அது போதுமாக இருந்தது.

"அன்புள்ள முனியாண்டிக்கு" என்று பேரோடு எழுதிய படம் விலை குறைவு என்று சொல்வார்கள், உண்மைதான், இன்னொருவர் பேர் போட்டதை வாங்கி மாட்ட யாருக்கும் ஆசை வராது. ஆனால் நான் அதைத்தான் தேடுவேன். கையெழுத்தை மட்டும் போலி செய்வது ஒரு கஷ்டம், ஒரு முழு வரியை அவர் கைப்போக்கிலேயே எழுதுவது பத்து கஷ்டம். முனியாண்டி யார், எங்கே இருந்தார் என்று விசாரிக்கவும் வழி இருக்கிறது.

நம் ஊர் ஈரம்

பினாங்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக எண்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஜெலட்டின் என்றால் பூஞ்சைக்கு விருந்து, தாள் என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், நமக்குக் கையில் கிடைப்பதையெல்லாம் லேமினேட் செய்கிற வியாதி உண்டு, செய்த பிறகு மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்ய முடியாது. வெயில் படும் சுவரும் வேண்டாம், மார்க்கர் மை சில வருடத்தில் பழுப்பாகி ஓடிவிடும். சட்டம் போட்டால் கண்ணாடியும் படமும் தொடாதபடி நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன மாதம் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து லென்ஸோடு போனேன். கடைக்காரர் ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கி, துண்டால் துடைத்து, பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அட்டை வந்தது. படம் வரவில்லை. வலது மூலை, சரியாகக் கையெழுத்து இருக்கிற இடம், கண்ணாடியோடு ஒன்றாகிப்போயிருந்தது, இழுத்தால் கையெழுத்து கண்ணாடியில் தங்கிவிடும். சாய்த்துப் பார்த்தேன், கண்ணாடிதான் பளபளத்தது. லென்ஸ் வைத்தேன், என் கண்ணே தெரிந்தது. மறுபடி ஆணி அடித்து மாட்டிவிட்டு அவர் கேட்டார், "என்னண்ணே, ஒரிஜினலா டூப்பா?" அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒருவர் உள்ளே வந்து, "ஒரிஜினல்தான், அதிலென்ன சந்தேகம்" என்றார்.